படை, பூங்கா, தோட்டம்

குடல் நுண்ணுயிர்களைப் பற்றி ஆங்கிலத்தில் வந்து உலகம் முழுக்க வாசிக்கப்பட்ட இரண்டு புத்தகங்களுக்கு நம் நாட்டோடு ஓர் ஒட்டு உண்டு. முதலாவது, அலானா காலன் எழுதி 2015இல் வெளிவந்த '10% ஹியூமன்'. பகாங்கிலுள்ள கிராவ் வனவிலங்குக் காப்பகத்தில் வௌவால்களை ஆராயப் போன இளம் விலங்கியலாளரை உண்ணிகள் கடித்துவிடுகின்றன. புத்தகம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த விலங்கியலாளர் காலனேதான். கடியால் வந்த நோய் வருடக்கணக்கில் விடவில்லை. பிறகு நீண்ட நாளைக்கு ஆன்டிபயாடிக். நோய் போனது, ஆனால் வயிறும் தோலும் புதுசாகக் கெட்டன. அந்த மருந்து வேறு எதையெல்லாம் சேர்த்துக் கொன்றது என்ற கேள்வியிலிருந்து புத்தகம் விரிகிறது. இரண்டாவது, எட் யோங்கின் 'ஐ கன்டெய்ன் மல்டிட்யூட்ஸ்' (2016). யோங் மலேசியாவில் பிறந்தவர். 1994இல், 13 வயதில், பிரிட்டனுக்குப் போனவர். கோவிட் காலத்தில் எழுதிய கட்டுரைகளுக்காக 2021இல் புலிட்சர் பரிசு வாங்கியவர்.

இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தேன். வாசிக்க வைத்தது நோபல் அறிவிப்பு. 2025 அக்டோபரில் மருத்துவத்துக்கான பரிசு மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் போனது. நம் நோயெதிர்ப்பு மண்டலம் நம்மையே தாக்காமல் எப்படி அடங்கி இருக்கிறது என்பதை விளக்கியதற்காக. அந்த அறிவிப்பை வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லிலேயே நாக்கு மடங்கும். 'நோயெதிர்ப்பு மண்டலம் எதிர்க்காமல் இருப்பது' என்று சொன்னால், கேட்கிறவர் அது ஏதோ குறைபாடு என்றுதான் நினைப்பார். சொல்லிலேயே 'எதிர்ப்பு' இருக்கிறதே.

என் பிரச்சினை அறிவியலோடு இல்லை. இந்தப் புத்தகங்கள் அந்த அறிவியலை எந்தப் படிமங்களில் ஏற்றி நமக்குத் தருகின்றன, அந்தப் படிமங்கள் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வந்து இறங்கும்போது என்ன ஆகின்றன, அதுதான் என் கேள்வி.

முதலில் விஷயம். ரான் மிலோ குழுவினர் 2016இல் போட்ட கணக்குப்படி ஒரு சராசரி மனித உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நம் சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. அதாவது கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. அதற்கு முன் ஒன்றுக்குப் பத்து என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1970களில் யாரோ தோராயமாகப் போட்ட கணக்கு, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி எழுதி உண்மை ஆகிவிட்டது. காலனின் புத்தகத் தலைப்பே அந்தப் பழைய கணக்கில்தான் நிற்கிறது. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது, திருத்தம் அடுத்த வருடம்தான் வந்தது. யோங் புதிய கணக்கை எடுத்துக்கொண்டார். அட்டையில் எண்ணைப் போடுகிறவர்கள் எல்லாரும் யோசிக்க வேண்டிய இடம் இது.

இந்தக் கூட்டத்தின் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. அதற்கும் நம் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரின் தடிமன் ஒரே ஒரு செல். வீட்டுக்கு வீடு ஒற்றைச் செங்கல் சுவர் வைத்துக் கட்டிய மலிவுவிலை அடுக்குமாடியில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு விளங்கும். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கேட்கும், பெருநாள் சமையல் மணக்கும். ஆனால் யாரும் யாரையும் வெட்டிக்கொள்வதில்லை. எப்படி?

முதல் பதில் சளி. பெருங்குடலின் சுவர்மேல் இரண்டு அடுக்குச் சளி இருக்கிறது. வெளி அடுக்கில் பாக்டீரியா குடியிருக்கலாம், உள் அடுக்கு ஏறக்குறைய காலி. அந்தச் சளியை உண்டாக்கும் மரபணுவை எலியில் நீக்கினால் குடல் புண்ணாகிறது. அதாவது நோயெதிர்ப்பு மண்டலம் செய்யும் முதல் வேலை சண்டை போடுவதில்லை, இடைவெளி வைப்பது.

இரண்டாவது பதில்தான் என்னைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தது. பாக்டீரியாவின் வாலிழைப் புரதத்தை மோப்பம் பிடிக்கும் ஓர் உணர்வி நம் குடல் செல்களில் உண்டு, டி.எல்.ஆர்.5 என்று பெயர். அது செல்லின் எந்தப் பக்கம் பொருத்தப்பட்டிருக்கிறது தெரியுமா? பாக்டீரியா நீந்தும் பக்கம் இல்லை, உள்பக்கம். குடலுக்குள் எத்தனை கோடி வால்கள் ஆடினாலும் மணி அடிக்காது. சுவரைத் தாண்டி ஒரு துண்டு உள்ளே வந்தால் அடிக்கும். ஆலையில் வேலை செய்கிற யாருக்கும் இது உடனே பிடிபடும். வாயுக் கசிவைக் காட்டும் கருவியை நாங்கள் குழாய்க்குள் வைப்பதில்லை. குழாய்க்குள் வாயு இருப்பது செய்தியே இல்லை. குழாய்க்கு வெளியே வைக்கிறோம். 'இது யார்?' என்ற கேள்வியே அங்கே கேட்கப்படவில்லை. 'இது எங்கே இருக்கிறது?' என்றுதான் கேட்கப்படுகிறது.

மூன்றாவது, ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள். இலங்கைப் பாடநூல்கள் இந்த வகைப் புரதங்களைப் 'பிறபொருளெதிரி' என்கின்றன. பிற பொருளுக்கு எதிரி. அழகான கூட்டுச்சொல், ஆனால் குடலில் பாதிதான் உண்மை. நம் உடல் தினமும் சில கிராம் ஐ.ஜி.ஏ.வைக் குடலுக்குள் கொட்டுகிறது. அது பாக்டீரியாக்களின் மேல் போர்வைபோலப் படிகிறது, பெரும்பாலும் கொல்வதில்லை, சுவரை நெருங்காமல் பார்த்துக்கொள்கிறது. 2018இல் எலிகளில் காட்டினார்கள்: பாக்டிராய்டிஸ் ஃபிரஜிலிஸ் என்ற குடல் பாக்டீரியா தன்மேல் ஐ.ஜி.ஏ. படிவதைப் பயன்படுத்திக்கொண்டுதான் நிலையாகக் குடியேறுகிறது. பிறபொருளுக்கு எதிரியாக இருக்க வேண்டியது, பிறபொருளுக்குக் குடியிருப்பு அனுமதி ஆகிவிட்டது. நம் ஊரில் அதற்கு எத்தனை கௌண்டர் ஏறி இறங்க வேண்டும்!

நான்காவது, நோபல் வாங்கிய கதை. சகாகுச்சி 1995இல் ஒரு வகை டி செல்களைக் கண்டுபிடித்தார். மற்ற டி செல்களை அடக்கி வைப்பதே அவற்றின் வேலை. பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் 2001இல், பிறவியிலேயே நோயுற்ற ஓர் எலி வம்சத்தில் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், அதுதான் ஃபாக்ஸ்பி3. அதே மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த கொஞ்ச நாளிலேயே குடல் அழற்சியும் சர்க்கரை நோயும் வருகின்றன. பிறகு இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒன்றாகச் சேர்ந்தன: அந்த அடக்கும் செல்களை அடக்கும் செல்களாக ஆக்குவதே ஃபாக்ஸ்பி3. 2013இல் அடுத்த துண்டு பொருந்தியது. நாம் தின்னும் நார்ச்சத்தை நொதிக்க வைத்துக் குடல் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற சின்ன அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் குடலில் அடக்கும் செல்களைப் பெருக்குகிறது. சகித்துக்கொள்ளப்படுகிறவரே சகிப்பை உற்பத்தி செய்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, 'உடல் ஒரு கோட்டை, வெள்ளை அணுக்கள் அதன் படைவீரர்கள்' என்ற பள்ளிப்பாட வாக்கியத்துக்குத் திரும்பிப் போவது கஷ்டம். ஆனால் தமிழில் நமக்கு வேறு வாக்கியம் கிடையாது. தமிழ் அறிவியல் எழுத்து அரசாங்கத்திலிருந்தும் ராணுவத்திலிருந்தும்தான் அதிகம் படிமம் எடுத்திருக்கிறது. சுஜாதா மூளையைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயர் 'தலைமைச் செயலகம்'. என்னைப் போன்ற பொறியியல் ஆட்களை வாசிக்க வைத்தவர் அவர், அந்தக் கடன் எனக்கும் உண்டு. ஆனாலும் மூளை செயலகம், இதயம் பம்ப், ரத்தம் போக்குவரத்து, வெள்ளை அணு ராணுவம் என்று ஒரு முழு மாநில அரசையே உடலுக்குள் நிறுவிவிட்டோம். அந்த அரசில் குடலுக்குக் கழிவுநீர்த் துறைக்கு மேல் பதவி இல்லை.

படிமம்தானே, என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். 2020 மார்ச் 18 முதல் பி.கே.பி. வந்தது. வாட்சப்பில் கபசுரக் குடிநீர் சுற்றியது. 'இம்யூனிட்டி' என்ற சொல் ஆயாக்கள் வாயில்கூட வந்தது. முன்களம், போர், கண்ணுக்குத் தெரியாத எதிரி. ஏப்ரலில் மஸ்ஜித் இந்தியா சாலையின் சிலாங்கூர் மேன்ஷனையும் மலாயன் மேன்ஷனையும் முள்கம்பி போட்டுச் சுற்றினார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர், அதில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம். தொற்றைத் தடுக்க நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது வேறு விஷயம், அது தேவைப்பட்டது. நான் சொல்வது அந்தக் கம்பியைப் பற்றி. 'அந்நியன்' என்ற சொல்லை உயிரியல் அரசியலுக்குக் கொடுத்ததா, அரசியல் உயிரியலுக்குக் கொடுத்ததா என்று அந்தப் புகைப்படங்களைப் பார்த்தபோது யோசித்தேன். சூசன் சொன்டாக் 1978இலேயே, புற்றுநோயை முன்வைத்து, நோய்க்குப் போர் மொழி பூசுவதைக் கண்டித்து எழுதிவிட்டார். நமக்கு அது வந்து சேரவே இல்லை.

கம்பி தூரத்து உதாரணம் என்றால் வீட்டுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. கிள்ளானில் என் பெரியம்மா மகனுக்குப் பெருங்குடல் புண் அழற்சி. நோயெதிர்ப்பு மண்டலம் தன் குடல்மேலேயே பாய்கிற நோய். மருத்துவர் அசாதியோப்ரின் கொடுத்தார். அது நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தும் மருந்து. பெரியம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, எதிர்ப்பு சக்தி கொறஞ்சாதானே நோவு வரும்? டாக்டரு எதுக்கு இன்னும் கொறைக்க மருந்து குடுக்குறாரு?" எவ்வளவு சரியான கேள்வி. நம் மொழி கொடுத்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்தம்மா தர்க்கம் பிசகாமல் யோசித்திருக்கிறார். மூன்று வாரம் மருந்து நிறுத்தப்பட்டது. பதிலுக்கு எதிர்ப்பு சக்தியைக் 'கூட்டும்' ஏதோ பொடி வந்தது. அண்ணன் திரும்பவும் படுக்கையில் விழுந்தார். இப்போது மருந்து ஒழுங்காகப் போகிறது, ஆள் நன்றாக இருக்கிறார். ஆனால் 'எதிர்ப்பு சக்தி' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று வாரம்தான் ஞாபகம் வருகிறது.

அப்படியென்றால் 'சகிப்பு' என்று எழுதலாமா? மலேசியாவில் பள்ளிக்குப் போன யாருக்கும் இந்தச் சொல் சங்கடம் தரும். நன்னெறிக் கல்விப் பாடத்தில் 'தோலெரான்சி' ஒரு பண்பு, மூன்று இனக் குழந்தைகள் கை கோத்து நிற்கும் படம், தேர்வுக்கு மனப்பாடம். தமிழில் சகிப்பு என்றால் முகம் சுளித்துக்கொண்டு தாங்குவது. சகிக்க முடியவில்லை என்கிறோம், சகிக்கப் பிடித்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. மலாய்மொழியில் இன்னொரு சொல் உண்டு, 'தோலாக் அன்சூர்'. தோலாக் என்றால் தள்ளு, மறு. அன்சூர் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக நகர். தள்ளுவதும் நகர்வதும் சேர்ந்தது. சளியடுக்குக்கும் ஐ.ஜி.ஏ.வுக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்த மொழிகளில் இல்லை. தமிழில் எடுப்பதாக இருந்தால் நான் 'பொறு' என்ற வேரிலிருந்து எடுப்பேன். பொறுத்தலும் அதிலிருந்து வருகிறது, பொறுப்பும் அதிலிருந்து வருகிறது. குடல் செய்வது இரண்டையும்தான். 2014இல் எலிகளில் கண்ட ஒரு விஷயம்: எலி நோயுற்று உணவைக் குறைத்துக்கொள்ளும்போது, அதன் குடல் செல்கள் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைத் தங்கள் மேற்பரப்பில் விளைவித்து உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களுக்குத் தின்னக் கொடுக்கின்றன. தான் பட்டினி, குடியிருப்பவருக்குச் சாப்பாடு. இதற்குச் சகிப்பு என்று பெயர் வைப்பது அநியாயம் இல்லையா?

யோங்கிடம் வருகிறேன். அவர் ராணுவப் படிமத்தை வெளிப்படையாக மறுக்கிறார். அவருக்கு நோயெதிர்ப்பு மண்டலம் ஒரு தேசியப் பூங்காவின் ரேஞ்சர்கள் மாதிரி. எந்த இனம் எவ்வளவு இருக்கலாம் என்று பார்த்துக்கொள்கிறவர்கள், வேலியைச் சரி செய்கிறவர்கள், ஊடுருவும் இனத்தை மட்டும் விரட்டுகிறவர்கள். காலனைவிட யோங் எனக்கு உயர்ந்த எழுத்தாளராகத் தெரிவது இந்த மாதிரி இடங்களில்தான். காலனின் புத்தகம் ஒரு வழக்கறிஞர் வாதம் மாதிரி போகிறது: உடல் பருமனா, ஒவ்வாமையா, மனநிலையா, எல்லாவற்றுக்கும் காணாமல் போன பாக்டீரியாதான் சாட்சி. படிக்கப் படிக்க நம்பிக்கை கூடுகிறது, மூடி வைத்த பிறகு கொஞ்சம் சந்தேகம் வருகிறது. யோங் எதிர்மாறு. நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்பதே குழந்தைக் கதை என்கிறார். ஒரே உயிர் குடலில் நண்பன், ரத்தத்தில் கொலைகாரன், எல்லாம் இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. மேற்சொன்ன டி.எல்.ஆர்.5 கதையின் தத்துவமே அதுதான். எலியில் கண்டதை மனிதனுக்கு நீட்டும்போது அவர் பிரேக்கில் கால் வைத்திருப்பதும் தெரிகிறது. கொசுவுக்குள் வோல்பாக்கியா பாக்டீரியாவைப் புகுத்தி டெங்கியைக் குறைக்கும் ஆஸ்திரேலிய முயற்சியை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் 2017 முதல் அதே வகைக் கொசுக்களை விட்டார்கள், டெங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் ஆய்வு வந்தது. மலேசியாவில் பிறந்தவரின் புத்தகத்துக்குப் பின்குறிப்பை ஷா ஆலம் கொசுக்கள் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் பூங்கா? நம் நாட்டில் தேசியப் பூங்கா என்றால் தாமான் நெகாரா. பிரிட்டிஷ் காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் எல்லை கட்டப்பட்டது. அதற்குள் பாத்தேக் மக்கள் அதற்கு முன்பிருந்தே வாழ்கிறார்கள். பூங்கா என்ற எண்ணம் வந்த பிறகுதான் அவர்கள் 'உள்ளே இருப்பவர்கள்' ஆனார்கள். ரேஞ்சர் என்ற படிமம் ராணுவத்தைவிட மென்மையானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மேலே ஓர் ஆள், கீழே நிர்வகிக்கப்படுபவை என்ற அடுக்கு அதிலும் அப்படியேதான் இருக்கிறது. ரேஞ்சரின் சம்பளத்தைப் பூங்காவின் மரங்கள் கொடுப்பதில்லை. குடலில் கொடுக்கின்றன. பியூட்டிரேட் அதுதான். யோங் இந்த இருவழித் தொடர்பை எத்தனையோ பக்கங்களில் அருமையாக விளக்குகிறார், பிறகு தன் படிமத்துக்குள் போகும்போது அதை வாசலில் விட்டுவிட்டுப் போகிறார்.

இந்தத் துறையில் எல்லாருக்கும் பிடித்த இன்னொரு படிமம் தோட்டம். குடல் ஒரு தோட்டம், நீங்கள் தோட்டக்காரர், விதை போடுங்கள், உரம் போடுங்கள், களை எடுங்கள். தயிர்ப் பாட்டில் விளம்பரத்திலிருந்து மருத்துவக் கட்டுரை வரை. இங்கேதான் ஒரு மலேசியத் தமிழ் வாசகர் சிரிப்பார். நமக்குத் 'தோட்டம்' என்றால் ரோஜாப்பூ இல்லை. எஸ்டேட். வரிசை வரிசையாக ஒரே மரம், நடுவில் ஒரு புல் முளைத்தால் மருந்தடி, காலையில் பெரட்டு, கங்காணி, மேலே துரை. ஓர் உயிரை வைத்துக்கொள்ள மற்ற எல்லாவற்றையும் அழிக்கும் இடத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் தோட்டம். ஆன்டிபயாடிக் முழுவதுமாக ஓடிய குடலுக்கு அது உண்மையிலேயே நல்ல உவமை, ஆனால் ஆங்கிலத்தில் எழுதியவர் நினைத்தது அதை இல்லை.

தோட்டத்தில் இன்னோர் உயிரும் இருந்தது. ராக்கஃபெல்லர் அறக்கட்டளை 1915 முதல் 1917 வரை சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழுவை மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் ஃபிஜிக்கும் அனுப்பியது. கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய. தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்து, வெளியேறும் புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவு செய்தார்கள். செருப்பில்லாத காலின் வழியாக ஏறிக் குடலில் கொக்கி போட்டு ரத்தம் குடிக்கும் புழு. தோட்டத்து வாழ்வை எழுதிய நாவலுக்கு சீ. முத்துசாமி 'மண்புழுக்கள்' என்று பெயர் வைத்தார். மண்ணுக்குள் கிடந்த மனிதர்களைச் சொல்லும் பெயர் அது. அந்த மனிதர்களுக்குள்ளும் புழுக்கள் இருந்தன. சோகை, சோர்வு, 'சோம்பேறிக் கூலி' என்ற பட்டம்.

இப்போது வாசிப்புக்கு வருவோம். 1989இல் டேவிட் ஸ்ட்ராக்கன் சுத்தம் கூடக் கூட ஒவ்வாமை கூடுகிறது என்று ஒரு கருதுகோளை வைத்தார். கிரஹாம் ரூக் 2003இல் அதை மாற்றி எழுதினார்: மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்த நுண்ணுயிர்களும் புழுக்களும் நம் நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கி வைக்கக் கற்றவை, அவை போனதுதான் பிரச்சினை. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'பழைய நண்பர்கள்'. கருதுகோளில் சாரம் இருக்கிறது. ஆனால் கொக்கிப்புழுவை நண்பன் என்று எழுத, அது ஒரு தலைமுறைக்கு முன் உங்கள் வீட்டில் யாரையும் தின்றிருக்கக் கூடாது. மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானில் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவை விரட்டினாரே, அங்கே ராணுவப் படிமம்தான் சரி, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்று இந்த இடத்தில் உதவுகிறது. மலாயாப் பல்கலைக்கழகமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்து 2016இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. முதல் பாதி எலி. குரோன்ஸ் நோயோடு தொடர்புள்ள மரபணு பழுதான எலிகளின் குடலில் பாக்டிராய்டிஸ் வகைக் கிருமி ஒன்று மிதமிஞ்சிப் பெருகிப் புண்ணாக்குகிறது. அந்த எலிகளுக்குச் சாட்டைப்புழுவைக் கொடுத்தால் நோயெதிர்ப்பு வேறு தடத்துக்கு மாறுகிறது, சளி கூடுகிறது, குளோஸ்ட்ரிடியா வகைகள் பெருகுகின்றன, அவை பாக்டிராய்டிஸை அமுக்குகின்றன. இரண்டாம் பாதி மனிதர்கள், நம் ஓராங் அஸ்லி கிராமத்தினர். புழு உள்ளவர்களிடம் குளோஸ்ட்ரிடியா கூடுதல். அல்பெண்டசோல் கொடுத்துப் புழுவை நீக்கியதும் அது குறைந்தது, பாக்டிராய்டிஸ் வகை கூடியது. எவ்வளவு கச்சிதமான கதை! காலன் கையில் கிடைத்திருந்தால் ஓர் அத்தியாயமே ஆகியிருக்கும். ஆனால் அதே வரிசை ஆய்வாளர்கள் 2022இல் வேறொரு கட்டுரை எழுதினார்கள். கூடுதல் கிராமங்கள், கூடுதல் ஆட்கள். புழுவுக்கும் குடல் பாக்டீரியாவுக்குமான உறவு சூழலுக்குச் சூழல் மாறுகிறது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். இதற்கிடையில் 2013இல் பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டைகளைக் குரோன்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையும் பலன் காட்டவில்லை. யோங்கின் 'எல்லாம் பொறுத்தது' என்ற பிடிவாதம்தான் கடைசியில் நின்றது.

நமக்கான எண் ஒன்றும் இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கில் குடல் அழற்சி நோய்களைப் பற்றி நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது, மலேசியாவில் அந்த வகையில் முதல் ஆய்வு. ஒரு லட்சம் பேருக்கு மலாய்க்காரர்களில் 7, சீனர்களில் 6.9, இந்தியர்களில் 24.91. மூன்று மடங்குக்கும் மேல். மொத்த நோயாளிகள் எண்ணிக்கை சின்னதுதான், மேற்கத்திய நாடுகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில் 1990களின் தொடக்கத்தில் நடந்த ஆய்விலும் தெற்காசியர்களிடம் பெருங்குடல் புண் அழற்சி உள்ளூர்க்காரர்களைவிடக் கூடுதலாக இருந்தது. புழுவோடும் அரிசியோடும் தோட்டத்தில் மூன்று தலைமுறை, பிறகு ஒரே தலைமுறையில் அடுக்குமாடி, பால்மாவு, மாமாக் கடையில் நள்ளிரவு ரொட்டி சானாய், சளி பிடித்தால் கிளினிக்கில் ஆன்டிபயாடிக். இதில் எது காரணம், எவ்வளவு மரபணு என்பது இன்னும் முடிவாகாத விவாதம். 'நம்ம பழைய சோறு சாப்பிட்டா சரியாப் போயிரும்' என்று தாவுகிறவர்களுக்கு ஒரு தகவல்: சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்க அரசு நிதியோடு ஆய்வு தொடங்கினார்கள். பெருமை பேசுவதைவிட அப்படிச் சோதிப்பது நல்லது.

யோங்கும் காலனும் எழுதியது இந்த 24.91க்குள் வருகிற ஆளுக்காக இல்லை. நார்ச்சத்து குறைந்த, சுத்தம் கூடிய, புழு எப்போதோ மறந்துபோன ஒரு வட அட்லாண்டிக் உடலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதில் குற்றமில்லை, எழுதியவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்துதான் எழுத முடியும். ஆனால் யோங் இங்கே பிறந்தவர் என்பதால் எனக்குக் கூடுதலாக ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. வாசகனின் அற்பமான உரிமை.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் யோங்கை வாங்குங்கள். காலனைக் கடன் வாங்கி முதல் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள், கிராவ் காட்டுக்காக. யாராவது யோங்கைத் தமிழில் கொண்டுவர உட்கார்ந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். 'ரேஞ்சர்' என்பதை அப்படியே விட்டுவிடலாம், 'படைவீரன்' வரும் இடங்களில் ஆசிரியரே சண்டை போட்டுக்கொள்வார். 'தோட்டக்காரர்' என்று எங்கேயாவது எழுத வந்தால் மட்டும், கிள்ளான் பக்கம் ஒரு வாசகரிடம் படித்துக் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.